பாத மரு: பெயர் ஒன்று, வைரஸ் பல

எட்டு வயதுப் பையனின் குதிகாலில் வந்த மரு மூன்று மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடுகிறது. அவனுடைய அப்பாவின் பாதத்தில் வந்ததோ ஐந்து வருடமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே அமில மருந்து. அப்பா மருந்தை ஒழுங்காகப் போடவில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு கால்களிலும் இருப்பது ஒரே கிருமிதானா என்று யாரும் கேட்பதில்லை. பாத மருவைப் பற்றிய குழப்பங்களில் பாதி, இந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதால் வருகிறது.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சிக்கல். உள்ளங்காலில் கெட்டியாக ஏதாவது வந்து, நடக்கும்போது குத்தினால் நம் ஊரில் அது கால் ஆணிதான். கால் ஆணி என்பது செருப்பின் உரசலாலும் அழுத்தத்தாலும் தோல் தடித்துப்போவது. அதில் கிருமி எதுவும் இல்லை. மரு வைரஸால் வருவது. கண்ணால் பிரித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு. பாதத் தோலின் ரேகைகள் ஆணியின் மேல் தொடர்ந்து ஓடும். மருவின் விளிம்பில் நின்று விலகிப்போகும். ஆணியை நேராக அழுத்தினால் வலிக்கும். மருவை இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலி அதிகம். மேல் தோலைச் சீவினால் மருவில் கருப்புப் புள்ளிகள் தெரியும். அவை வேரும் அல்ல, விதையும் அல்ல. ரத்தம் உறைந்த நுண்ணிய நாளங்களின் நுனிகள். வேடிக்கை என்னவென்றால், ஆணி என்று நினைத்து மருந்துக் கடையில் வாங்கி ஒட்டும் கார்ன் கேப்பில் இருப்பதும் சாலிசிலிக் அமிலம்தான். மருவுக்கு டாக்டர் எழுதித் தருவதும் அதுவே. நோயைத் தப்பாகக் கணித்தும் மருந்து சரியாக அமைந்துவிடுகிற அபூர்வமான இடம் இது.

மரு தொற்றக்கூடியது என்பதை 1907இல் இத்தாலிய மருத்துவர் ஜூசெப்பே சியுஃபோ காட்டினார். மருவை அரைத்து, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றைத் தன் தோலிலேயே ஏற்றிக்கொண்டார், மரு வந்தது. வைரஸ் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் வெகுகாலம், கையில் வரும் மரு, காலில் வரும் மரு, பிறப்புறுப்பில் வரும் மரு எல்லாவற்றுக்கும் ஒரே மரு வைரஸ்தான் காரணம் என்றே பாடநூல்கள் சொல்லின. இடத்துக்குத் தகுந்தபடி உருவம் மாறுகிறது, அவ்வளவுதான் என்பது எண்ணம்.

அந்த எண்ணத்தை உடைத்ததில் பாத மருவுக்குப் பங்கு உண்டு. ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுசன், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மரு வைரஸ் காரணமாக இருக்குமோ என்று தேடிக்கொண்டிருந்தார். தேடுவதற்கு வைரஸின் மரபுப் பொருள் ஏராளமாக வேண்டும். ஆழமான பாத மருக்களில் வைரஸ் துகள்கள் கொட்டிக் கிடக்கும். ஆகவே அதிலிருந்தே எடுத்தார். அதைக் கொண்டு மற்ற மாதிரிகளைச் சோதித்தபோது சில மருக்கள் பொருந்தின, சில பொருந்தவில்லை. பிறப்புறுப்பு மருவும் புற்றுநோய்த் திசுவும் அறவே பொருந்தவில்லை. இந்த முடிவுகள் 1974இல் வெளிவந்தன. தேடல் தோற்றுவிட்டது என்று மூட்டை கட்டியிருக்கலாம். அவர் வேறு விதமாக யோசித்தார்: இது ஒரு வைரஸ் அல்ல, பல. பிரான்சில் ஜெரார்ட் ஓர்த் குழுவினரும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள். மனிதர்களைத் தாக்கும் மரு வைரஸ்களுக்கு ஹெச்பிவி (ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ்) என்று பெயர். பாத மருவில் கிடைத்தது ஹெச்பிவி 1 என்று எண் பெற்றது. வரிசை வளர்ந்து, 1983இல் 16ஆம் எண்ணும் அடுத்த ஆண்டு 18ஆம் எண்ணும் புற்றுநோய்த் திசுவில் கண்டறியப்பட்டன. சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்கு யாரோ சிலரின் குதிகால் மருக்களும் உதவியிருக்கின்றன என்பது அதிகம் பேசப்படாத விஷயம்.

இன்று 200க்கும் மேற்பட்ட ஹெச்பிவி வகைகள் தெரியும். வெறும் 55 நானோமீட்டர் அளவுள்ள துகள். உள்ளே சுமார் 8,000 எழுத்துகள் கொண்ட வளைய டிஎன்ஏ. வைரஸின் வெளி ஓட்டைக் கட்டும் மரபணுவில் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் புதிய எண் தருகிறார்கள். ஆகவே இந்த எண்கள் வெறும் பட்டியல் எண்கள் அல்ல; ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து கணிசமாக விலகி நிற்பது. வகைகளைக் குடும்பங்களாகவும் பிரித்திருக்கிறார்கள். ஹெச்பிவி 1 இருப்பது மியூ என்ற சிறிய குடும்பத்தில். பாதத்தில் அடிக்கடி காணப்படும் 2, 27, 57 ஆகிய மூன்றும் ஆல்ஃபா குடும்பம். கருப்பைவாயைத் தாக்கும் 16, 18 வகைகளும் ஆல்ஃபாதான். அதாவது அப்பாவின் காலில் இருப்பது 27ஆம் வகை, பையனின் காலில் இருப்பது 1ஆம் வகை என்று வைத்துக்கொண்டால், அப்பாவினுடையது பையனுடையதைவிடக் கருப்பைவாய் வைரஸ்களுக்கு நெருங்கிய சொந்தம். பயப்பட வேண்டாம், 2, 27, 57 வகைகள் புற்றுநோய் உண்டாக்கும் வகைகள் அல்ல. சொல்ல வந்தது, ஒரே பெயரில் நாம் அழைக்கும் இரண்டு மருக்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான்.

பாதத்தில் இவை காட்டும் முகமும் வேறு. ஹெச்பிவி 1 தருவது பெரும்பாலும் ஆழமாக இறங்கிய, தனியான, அழுத்தினால் நன்றாக வலிக்கிற மரு. உடல் எடை முழுவதும் மேலே இறங்குவதால் வெளியே வளர வேண்டியது உள்ளே புதைகிறது. 2, 27, 57 வகைகள் சிறு சிறு மருக்களாகத் தோன்றி ஒன்றோடொன்று ஒட்டி, தளக்கல் பதித்ததுபோல் பரவும். வலி குறைவு, பிடிவாதம் அதிகம். இதே மூன்று வகைகள்தான் கைவிரல்களில் வரும் சொரசொரப்பான சாதாரண மருக்களுக்கும் முக்கியக் காரணம். 4, 60, 63, 65 ஆகியவை குறைவாகவே காணப்படுபவை. 63ஆம் வகை குண்டூசித் தலை அளவில் புள்ளி மருக்களைத் தரும். 4, 60, 65 வகைகள் சாம்பல் அல்லது கருமை படர்ந்த மருக்களோடு தொடர்புள்ளவை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவருக்கு இன்னும் துலக்கமான வேறுபாடு கிடைக்கும்: ஹெச்பிவி 1 தாக்கிய செல்லுக்குள் குருணை குருணையாகத் திரள்கள், 63இல் அவை இழை இழையாக இருக்கும். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து இது இந்த எண் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

எந்த வகையானாலும் தோலுக்குள் வேலை செய்யும் முறை ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக மேல்தோலின் அடி வரிசைச் செல்களுக்குள் வைரஸ் போய்விடும். அங்கே சத்தம் காட்டாது. தன் புரதங்களை மிகக் குறைவாகவே உற்பத்தி செய்யும். அந்தச் செல்கள் வளர்ந்து மேலே நகர்ந்து, எப்படியும் உதிரப்போகிற நிலையை அடையும்போதுதான் துகள்களைக் குவியல் குவியலாகத் தயாரிக்கும். ரத்தத்துக்குள் வராது, செல்லை உடைக்காது, வீக்கம் தராது. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தகவல் போகிற எல்லா வழிகளையும் தவிர்த்துவிடுகிறது. மரு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நிலைப்பதற்கு இதுதான் காரணம். ஒரு நாள் உடல் விழித்துக்கொண்டால், மரு கறுத்து வறண்டு உதிர்ந்துவிடும். பல மருக்கள் இருந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே போகும்.

இந்த வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து கிடையாது. நம்மிடம் இருப்பவை இரண்டு உத்திகள்: வைரஸ் தங்கிய தோலை அழிப்பது, அல்லது உடலை உசுப்பிவிடுவது. சாலிசிலிக் அமிலம் தடித்த தோலைக் கரைத்து உரிக்கிறது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் உறைய வைத்துக் கொப்புளமாக்குகிறது. இரண்டுமே ஓரளவு எரிச்சலை உண்டாக்கி எதிர்ப்புச் சக்தியையும் கூப்பிடுகின்றன.

இவற்றில் எது மேல்? 2010இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்தின் பொது மருத்துவர்கள், மரு இருந்த 250 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நான்கு வயதுக் குழந்தை முதல் பெரியவர் வரை எல்லோரும் உண்டு. ஒரு பகுதியினருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உறைய வைக்கும் சிகிச்சை, ஒரு பகுதியினருக்குத் தினமும் 40 சதவீத சாலிசிலிக் அமிலம், மீதிப் பேருக்கு எதுவும் இல்லை, காத்திருப்பு மட்டும். பதின்மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது, கை முதலிய இடங்களில் இருந்த சாதாரண மருக்களில் உறைய வைத்தல் தெளிவாக ஜெயித்தது: 49 சதவீதம் குணம், அமிலத்தில் 15, சும்மா இருந்தவர்களில் 8. பாத மருவில் கதை மாறியது. உறைய வைத்தவர்களில் 30, அமிலம் போட்டவர்களில் 33, எதுவும் செய்யாதவர்களில் 23. புள்ளியியல் கணக்கில் இவற்றுக்குள் பேசத்தக்க வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டு வெளியான, பிரிட்டனில் 240 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு பாத மருவை மட்டும் எடுத்துக்கொண்டது. 50 சதவீத அமிலமும் உறைய வைத்தலும் பன்னிரண்டு வாரத்தில் ஒரே எண்ணில் வந்து நின்றன: 14 சதவீதம்.

படிக்கிறவருக்குச் சோர்வுதான் வரும். நெதர்லாந்தில் ஒன்றும் செய்யாதவர்களுக்கு 23, பிரிட்டனில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 14! பிரிட்டன் ஆய்வில் 12 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தால் கொஞ்சம் வெளிச்சம் வரும். நெதர்லாந்து ஆய்வில் பாத மரு இருந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் குணமானார்கள், எந்தச் சிகிச்சைக் குழுவில் இருந்தாலும். பெரியவர்களிலோ மிகச் சிலரே. வயதுதான் காரணமா, அல்லது வயதோடு ஒட்டி வரும் வேறு ஏதாவதா?

அந்த நெதர்லாந்துக் குழு மருக்களின் மேற்பரப்பைத் துடைப்பானால் தேய்த்து மாதிரி எடுத்து வைத்திருந்தது. அந்நாட்டின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் அதில் எந்த வகை ஹெச்பிவி என்று பார்த்து, பாத மருக்களின் முடிவுகளை 2013இல் தனியாக வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், மேலே சொன்ன இரண்டு பெரிய ஆய்வுகளையும்விட இந்தச் சின்னக் கட்டுரை முக்கியமானது. காத்திருந்தவர்களில், ஹெச்பிவி 1 உள்ளவர்களுக்குப் பாதிக்கு மேல் தானாகவே குணமாகியிருந்தது. 2, 27, 57 உள்ளவர்களில் அது பத்தில் ஒருவர்கூட இல்லை. ஹெச்பிவி 1 மீது அமிலம் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு மரு போய்விட்டது. மற்ற வகைகள் அதே அமிலத்துக்கு அவ்வளவாக அசையவில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஆட்கள் குறைவு. அதனால் எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இடைவெளி அவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்குவதும் கடினம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய எண்களுக்குத் திரும்பினால், அந்த 30, 33, 23 எல்லாம் எதைக் குறிக்கின்றன என்பதே சந்தேகமாகிறது. ஓடுகிறவனையும் உட்கார்ந்திருப்பவனையும் சேர்த்து எடுத்த சராசரி வேகம் இருவரில் யாருடைய வேகமும் அல்ல. சும்மா விட்டாலே போகிற மருவையும், எது செய்தாலும் போகாத மருவையும் ஒரே கூடையில் போட்டு மருந்தை எடைபோட்டால் மருந்துகளுக்குள் வித்தியாசம் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

ஹெச்பிவி 1 ஏன் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது? அது துகள்களை மிக அதிக அளவில் உற்பத்தி செய்வதால் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் முன்னதாகவே பட்டுவிடலாம் என்பது நியாயமான ஊகம். அடக்கமாக வாழும் 27ஆம் வகைக்கு அந்த ஆபத்து குறைவு.

நாட்டு மருந்துகளின் புகழையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம்பால், மருதாணியும் மஞ்சளும் அரைத்த விழுது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைமருந்து உண்டு. வைத்தீஸ்வரன்கோயில் போன்ற தலங்களில் மரு உதிர வேண்டி உப்பும் மிளகும் கொட்டுவார்கள். அமெரிக்காவிலோ ஓட்டை அடைக்கும் டக்ட் டேப்பை மருவின் மேல் ஒட்டுவது பிரபலம். 2002இல் குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆய்வு அதை ஆகா என்றது, பின்னால் நடந்த ஆய்வுகள் பலனில்லை என்றன. 1963இல் வெளியான ஒரு பழைய ஆய்வில், விடுதியில் இருந்த குழந்தைகளின் மருக்களை எதுவும் செய்யாமல் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு தானாகப் போயிருந்தது. பத்து வயதுக் குழந்தையின் ஹெச்பிவி 1 மருவில் எதைத் தடவினாலும் தடவியதற்குப் பெயர் கிடைக்கும். அதையே கேள்விப்பட்டு நாற்பது வயதுக்காரர் தடவும்போது தோல் வெந்துபோவதுதான் மிச்சம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் பாதிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாட்டு மருந்தைக் குறை சொல்லி, கிளினிக்கை உயர்த்துவதாக நினைக்க வேண்டாம். அதே குழந்தைக்குத் திரவ நைட்ரஜன் வைத்து, கொப்புளத்தோடு ஒரு வாரம் நொண்ட வைத்துப் பெயர் வாங்குவதும் அதே கணக்கில்தான் சேரும்.

அப்படியானால் முதலில் எந்த வகை என்று பரிசோதித்துவிட்டு மருந்தைத் தொடங்கலாமே? தொழில்நுட்பம் இருக்கிறது, மருவை அறுக்கக்கூட வேண்டாம், மேலே தேய்த்து எடுத்தால் போதும். ஆனால் இது ஆய்வுக்கூடங்களில் மட்டும் நடக்கிறது, சாதாரண கிளினிக்கில் இல்லை. முடிவு எந்த எண்ணாக வந்தாலும் எழுதித் தருவதற்கு அதே அமிலமும் அதே நைட்ரஜனும்தான் இருக்கின்றன என்பதால் அந்தச் செலவை யாரும் நியாயப்படுத்த முன்வருவதில்லை. அதற்குப் பதிலாக மூன்று நான்கு எளிய கேள்விகள் உண்டு. நோயாளி 12 வயதுக்குக் கீழா? மரு வந்து ஆறு மாதத்துக்குள்தானா? பாதத்தில் மட்டும்தானா? மொத்தம் மூன்றுக்குள்தானா? இவை ஹெச்பிவி 1 உடன் சேர்ந்து வருவதாக அதே லெய்டன் குழு கண்டது. எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் காத்திருப்பது சோம்பேறித்தனம் அல்ல. வலித்தால் அமிலம் போட்டுக்கொள்ளலாம். இல்லை என்ற பதில்கள் கூடக் கூட, ஒரு டியூப் மருந்தில் முடியும் என்ற எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பிடிவாதமான மருவுக்குச் சிகிச்சையே இல்லை என்று அர்த்தம் இல்லை. மேல் தோலைச் சீவிச் சீவி, அமிலத்தை மாதக்கணக்கில் விடாமல் போடுவது முதல் படி. அதற்கும் அசையாதபோது இந்தியத் தோல் மருத்துவர்கள் இப்போது உடலை உசுப்பும் வழிகளை நாடுகிறார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியைச் சிறிதளவு மருவுக்குள்ளேயே ஏற்றுவது அதில் ஒன்று. அங்கே கிளம்பும் எதிர்ப்பு, பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஹெச்பிவியையும் பார்த்துவிடும் என்பது நம்பிக்கை. இன்னொன்று நோயாளியின் மருவிலிருந்தே ஒரு துணுக்கை எடுத்து, முன்கைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பது. செலவு அதிகமில்லை; ஒரு துணுக்கை வைத்ததும் மற்ற மருக்களும் சேர்ந்து உதிர்வதைப் பல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வகைக் கணக்கோடு பார்த்தால் இதில் ஒரு அழகு தெரிகிறது. பரிசோதனை ஏதும் செய்யாமலே, அந்த நோயாளியைப் பிடித்திருக்கும் அதே வகை வைரஸ், மேல்தோலின் மறைவிலிருந்து வெளியே இழுக்கப்பட்டு எதிர்ப்புச் செல்களின் முன்னால் நிறுத்தப்படுகிறது. 27ஆம் வகை என்றால் 27, 57 என்றால் 57.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் மேலே சொன்ன பெரும்பாலானவை பொருந்தாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் கார்ன் கேப்பை ஒட்டிவிட்டு மறந்தால், அமிலம் நல்ல தோலையும் தின்று புண்ணாக்கிவிடும். புண் தெரியும்போது தாமதமாகியிருக்கும். பிளேடால் சீவுவது அதைவிட மோசம். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு மரு எண்ணிக்கையிலும் பிடிவாதத்திலும் கூடுதலாக இருக்கும். அவர்களும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வருடக்கணக்காக இருந்து, புண்ணாகி, பெரிதாகிக்கொண்டே போகும் மருவைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அரிதாக, மருவைப் போலவே தோற்றம் தரும் ஒருவகைப் புற்றுநோய் உள்ளங்காலில் வருவதுண்டு.

ஹெச்பிவி தடுப்பூசி போட்டால் பாத மரு வராதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். இந்தியாவில் தயாராகும் செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரானது. ஒன்பது வகைகளைக் கொண்ட கார்டசில் 9 அவற்றோடு 31, 33, 45, 52, 58 ஆகியவற்றைச் சேர்க்கிறது. பாதத்தில் வரும் 1, 2, 27, 57 இரண்டு பட்டியலிலும் கிடையாது. தடுப்பூசிக்குப் பிறகு பழைய மருக்கள் மறைந்ததாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. 2, 27, 57 ஆகியவை தடுப்பூசி வகைகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் கொஞ்சம் குறுக்குப் பாதுகாப்பு கிடைக்க இடமுண்டு. ஆனால் மரு எப்போது வேண்டுமானாலும் தானாகப் போகக்கூடியது என்பதால் அத்தகைய குறிப்புகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பாத மருவுக்காக இந்த ஊசியை விலை கொடுத்துப் போட்டுக்கொள்ள இப்போது ஆதாரம் போதாது. மகளுக்கு அதைப் போட வேண்டிய காரணம் வேறு. கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்தியாவில் இன்னும் ஆயிரக்கணக்கான பெண்களைக் கொல்கிறது.